அம்புக்குறி

மங்கையர்க்கரசியின் வீட்டுக் கணினியிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு கோப்பும் போகவில்லை. கணவன் குணசீலன் காலையிலிருந்து மல்லுக்கட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. அவளோடு வேலை பார்க்கும் ரிச்சர்ட் எங்கோ உட்கார்ந்தபடியே பத்து நிமிடத்தில் கணினிக்குள் நுழைந்துவிட்டான். பாஸ்வேர்டைக்கூட அவன் கேட்கவில்லை. குணசீலனுக்கு அந்தப் பாஸ்வேர்டு இன்றுவரை தெரியாது.

திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. பின்னணியில் அவர்களுடைய கல்யாணப் படம், அதன்மேல் ஈசல் மொய்த்த மாதிரி கோப்புகள். அனுப்ப வேண்டியதைத் தேடிய அம்புக்குறி, அவள் முகத்தின்மேல் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக, நோகாமல் இழுத்துப்போய்ப் பக்கத்தில் குவித்தது. பக்கத்தில் இருந்தது குணசீலனின் முகம்.

"டெஸ்க்டாப்ப இப்படியா மேடம் வெச்சிருப்பீங்க?" போன் ஸ்பீக்கரில் ரிச்சர்ட் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அந்த வீடு கேட்டு வெகுநாளாகியிருந்தது.

குணசீலன் மவுஸைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். அம்புக்குறி அவள் கன்னத்தருகே இரண்டு பக்கமும் போகமுடியாமல் துடித்தது.

"மேடம், அங்க யாராவது மவுஸ புடிச்சிருக்காங்களா?"

அவள் கணவனின் கையைப் பார்த்தாள். பிறகு போன் பக்கம் குனிந்தாள்.

"யாருமில்ல ரிச்சர்ட். நீங்க பண்ணுங்க."