எதிர்க்கடை மெசின்

கனிசியஸின் தையல் மெசின் ஓடத் தொடங்கியது. எதிர்க்கடைத் தையல்காரர் தம்பிஐயா காலைத் தேத்தண்ணீரைப் பாதியிலேயே வைத்தார்.

அவரும் தன் மெசினை மிதித்தார். கொஞ்சம் பலமாகவே மிதித்தார்.

நாட்டில் டொலர் இல்லையாம், துணிக் கப்பல் வரவில்லை. பருத்தித்துறைச் சங்கக்கடையில் கூப்பனுக்குத் தருகிற துணி தலையணை உறைக்குத்தான் காணும். போன தீபாவளிக்குப் பெல்பொட்டம் காற்சட்டை தைக்க வரிசையில் நின்ற இளந்தாரிகள், இப்போது அதன் அகன்ற அடியை வெட்டி முழங்கால் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அந்த ஒட்டையும் தாய்மாரே வீட்டில் கையால் தைத்துவிட்டார்கள்.

மீனாம்பிகை தம்பிஐயாவின் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணை, தீபாவளிக்கு மகளுக்கு ஒரு சட்டை வேணும். துணியும் நீங்களே போட்டுத் தைச்சுத் தருவியளோ?"

"துணிக்கு எங்கை பிள்ளை போறது?"

"நீங்கள் தைச்சுக்கொண்டெல்லோ இருக்கிறியள்?"

"இது முந்தி ஏற்ற வேலை."

அவள் தெருவைக் கடந்து கனிசியஸிடம் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அவரிட்டையும் துணி இல்லையாம் அண்ணை. முந்தி ஏற்ற வேலையாம்."

"பச்சைப் பொய். துணி இல்லாதவனுக்கு என்ன மெசின் ஓட்டம்? உவன் அக்கரை இந்தியாவிலை இருந்து கள்ளமாய் இறக்கிறான். உவனுக்குச் சட்டைத் தெறி தைக்கப் பழக்கினதே நான். இண்டைக்கு எனக்கு முன்னாலை கடை போட்டு, எனக்கே படம் காட்டிறான்."

மீனாம்பிகை போய்விட்டாள்.

மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்தார் தம்பிஐயா. எதிர்க்கடைச் சத்தம் நிற்கவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பொலிசுக்கு நடந்தார்.

சார்ஜன் அருளம்பலம் எல்லாவற்றையும் கேட்டார்.

"உண்மையெண்டால் கனிசியஸ் கைவிலங்கோடை மறியலுக்குப் போவான். தெரியுமோ?"

"போகட்டும் ஐயா."

"அப்ப நீரும் வாரும். எது இந்தியத் துணி, எது ஊர்த் துணியெண்டு எனக்கென்ன தெரியும்? நீர்தான் பாத்துச் சொல்லவேணும்."

இருவரும் கனிசியஸின் கடைக்குள் நுழைந்தபோதும் மெசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஊசிக்குக் கீழே துணி இல்லை. பழைய மாவுப் பை ஒன்றின் கடதாசி மட்டும் கிடந்தது. அதன்மேல் வரிசை வரிசையாய், நூலில்லாமல் ஊசி குத்திய ஓட்டைகள்.

சார்ஜன் அலுமாரியைத் திறந்தார். ஒரு கத்தரிக்கோல், அளவு நாடா, வேறொன்றும் இல்லை.

"என்ன காணும் இது? கடதாசியிலையோ சட்டை தைக்கிறீர்?"

கனிசியஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"துணி எண்டு கையிலை பிடிச்சுக் கனகாலம் ஐயா. பேசாமல் கடையைப் பூட்டிப்போட்டு வீட்டை இருந்திருப்பன். ஆனால் அண்ணையின்ரை மெசின் விடிஞ்சால் பொழுதுபடுமட்டும் ஓடுது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வயிறு எரிஞ்சுது. எனக்கும் வேலை கிடக்கெண்டு அவர் நினைக்கட்டும் எண்டுதான்…"

சார்ஜன் மெல்லத் தம்பிஐயாவின் பக்கம் திரும்பினார்.

"அது சரி. ஊரிலை ஒருத்தருக்கும் துணி இல்லை. உமக்கு மட்டும் எங்காலை வருது? நடவும், உம்மடை கடையையும் ஒருக்காப் பாப்பம்."

தம்பிஐயா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கனிசியஸைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"என்ரை ஊசியிலையும் நூல் இல்லை, ஐயா."