மின்சாரம் போன குறுக்கு வழி

"தலைமுடி மாதிரி இருக்கிற உன் கம்பிக்குள்ள முட்டி மோதிப் போறேன் பாரு, இதுக்குப் பேர்தான் உழைப்பு!" என்று குண்டு பல்பிடம் தினமும் பீற்றிக்கொள்ளும் மின்சாரம்.

ஒருநாள் எலி கடித்து, பல்புக்குப் போகும் இரண்டு ஒயர்களின் தோல் உரிந்து, இரண்டும் ஒட்டிக்கொண்டன. அந்தக் குறுக்கு வழியைக் கண்டதும் பல்பை மறந்து மின்சாரம் மொத்தமாக அதில் பாய்ந்தது.

"மெதுவாப் போய்யா, தாங்கல!" என்று கத்திய பியூஸ் எரிந்தே போனது. வீடு இருண்டது.

எலக்ட்ரீஷியன் சரிசெய்ததும் பல்பு கேட்டது: "எங்கண்ணே போனீங்க?"

"உனக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம்னுதான்."

சொல்லும்போதே மின்சாரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி முட்டி மோதி நுழையுமுன், கறுப்பு டேப் சுற்றிய அந்த இடத்தை ஒருமுறை ஏக்கத்தோடு திரும்பிப் பார்த்துக்கொண்டது.