மகிழாம்பல்

சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. தொட்டிலை அரக்குச் சேலையில் கட்டியிருந்ததாக ஞாபகம். என் தங்கை கோமளா, வயிற்றிலிருந்த இரட்டைப் பெண்களுக்கு மகிழ், ஆம்பல் என்று இரண்டு பூப்பெயர்களை எடுத்து வைத்திருந்தாள். பிழைத்தது ஒரு குழந்தைதான். அதற்கு மகிழாம்பல் என்று வைக்கச் சொன்னாள்.

“இது பேரா, பூக்கடை போர்டா?” என்றார் அவள் மாமியார்.

கணவன் தணிகை மெதுவாக, “ஒண்ணை விட்டுரு கோமு. போனவ பேரு வேணாம்” என்றான்.

“எதை விட? ரெண்டுல எது போனவ பேருன்னு உங்களுக்குத் தெரியுமா?”



காதில் பெயர் சொல்லவேண்டிய அத்தை, தணிகையின் அக்கா சுந்தரி. வழக்கத்தை மீறாதவள். குழந்தையின் வலது காதருகே வெற்றிலையைப் பிடித்து, “மகிழ்” என்று மூன்று முறை சொன்னாள். கோமளா கண்களை மூடிக்கொண்டாள். சுந்தரி நிமிரவில்லை. குழந்தையை மெல்லத் திருப்பி, யாரும் பெயர் சொல்லாத இடது காதிலும் வெற்றிலையை வைத்துக் குனிந்தாள்.

சுந்தரி இப்போது இல்லை. மாமியாரும் போய்விட்டார். கோமளாவும் தணிகையும் ஓசூரில் இருக்கிறார்கள். மகிழாம்பலுக்குப் போன தையில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் பெயரை முழுதாகவே போட்டிருந்தார்கள்.