குதிரை வேகம்

பதினெட்டாம் நூற்றாண்டுக் கணினிப் போர் விளையாட்டில் தளபதிகள் நொடியில் பேசிக்கொள்வது வரலாற்றுப் பிழையென்று அதை உருவாக்கிய நிறுவனத்துக்கு ஒன்பது கடிதங்கள் எழுதினேன். பத்தாவதற்கு முன் பணிந்தார்கள். இப்போது செய்தியைக் குதிரைவீரனே கொண்டுவருகிறான். செய்தி கிட்டாத தளபதிகள் பாய்ந்து தாக்காமல் கோட்டைக்குள் காத்திருக்கிறார்கள். அன்று நடந்ததும் அதுவே.

கோபித்துப் பிரிந்த என் மகன் இளம்பரிதி, அந்த விளையாட்டில் என் கோட்டைக்கு அடுத்த கோட்டையின் தளபதி. என்னோடு அவன் பேசுவது அங்கே மட்டுமே.

இன்று வீரன் அவனுடைய கடிதத்தை நீட்டினான்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை காலையில விருத்தாசலம் வழியாப் போறேன். ரயில் பத்து நிமிஷம் நிக்கும். பிளாட்பாரத்துக்கு வருவீங்களா, இல்ல கோட்டையிலயே உக்காந்திருப்பீங்களா?"

ரயில் போய் மூன்று நாளாயிற்று.

"அறிந்திருந்தால் வந்திருப்பேன்" என்றெழுதி வீரனிடம் கொடுத்தேன். "விரைந்து போ."

"நாலு நாளாகுங்க ஐயா. குதிரை அவ்வளவுதான் ஓடும்."