கடைசி நொடியில் போன சைக்கிள்

ஏலம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. ரின்ஸ்கே அந்த விளம்பரத்தை மறுபடியும் உரக்கப் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"'நல்ல முறையில் பராமரிக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கான் பாரு. பராமரிச்சது யாரு, இவன் அப்பனா?"

"சூப் ஆறுது ரின்ஸ்," என்றான் அவள் கணவன் ஹார்மன்.

படத்தில் இருந்தது அவளுடைய பச்சை சைக்கிள். கைப்பிடியில் அவள் சுற்றிய நீல நாடாவைக்கூடத் திருடன் அவிழ்க்கவில்லை. மூன்று வாரங்களுக்கு முன், குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்தபோது, குளத்து வாசலில் அறுந்த பூட்டு மட்டும் கிடந்தது.

குரோனிங்கன் ஊரில் சைக்கிள் திருட்டு, மழை மாதிரி. யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. போலீஸ்காரரும் அடையவில்லை.

"ஏலத்துல நீங்க ஜெயிங்க மேடம். ஜெயிச்சா விக்கிறவன் முகவரி வரும். வந்ததும் எங்களுக்கு ஒரு போன் போடுங்க," என்றார் கொட்டாவியோடு.

திருடனைத் தேடிப் பிடிப்பதும் பறிகொடுத்தவளின் வேலை. அதைச் சொல்லிச் சொல்லியே அவள் ஒரு வாரம் தூங்கவில்லை. நீச்சல் குளத்தில், ரொட்டிக் கடையில், கண்ணில் பட்டவரிடமெல்லாம் சொன்னாள். திருட்டு சைக்கிள் வாங்குகிறவர்கள் இருப்பதால்தான் திருடர்கள் இருக்கிறார்கள், அவர்களைத்தான் முதலில் உள்ளே தள்ள வேண்டும் என்றாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

இணைய ஏலத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன் ஹார்மன். அவன்தான் வழி சொன்னான்.

"இப்பவே விலை கேக்காத. கேட்டா மத்தவனுக்கும் வெறி ஏறும். தூங்கற விலையைத் தூங்கவிடு. கடைசி அஞ்சு நொடியில பெரிய தொகையா அடி. திருப்பி அடிக்க எவனுக்கும் நேரம் இருக்காது."

"எவ்வளவு அடிக்கட்டும்?"

"எவ்வளவா இருந்தா என்ன? நீ என்ன காசா குடுக்கப்போற?"

விலை முந்நூற்று நாற்பது யூரோவில் படுத்திருந்தது. அவள் ஐயாயிரம் என்று தட்டச்சு செய்து, பொத்தான் மேல் விரலை வைத்துக் காத்திருந்தாள்.

ஒன்பது. எட்டு. ஏழு.

ஐந்தில் அழுத்தினாள்.

திரை ஒருமுறை கண் சிமிட்டியது. சிவப்பில் ஒரு வரி வந்தது. உங்களைவிட அதிகம் கேட்டவருக்குப் பொருள் போய்விட்டது. விலை, ஐயாயிரத்துப் பத்து.

ரின்ஸ்கே எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அந்தப் பழைய இரும்புக்கு இவ்வளவு குடுக்கிறவன் ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்ல அந்தத் திருட்டுப்பயலோட கூட்டாளியா இருக்கணும்!"

ஹார்மன் திரையை எட்டிப் பார்த்தான். அவனுடைய வித்தையை அவனைவிட நன்றாகத் தெரிந்த ஒருவன் இருந்திருக்கிறான்.

விளம்பரத்துக்குக் கீழே கேள்வி கேட்கும் பெட்டி இன்னும் திறந்திருந்தது. அவள் அதில் எழுதினாள். ஏலம் எடுத்தவர் கவனத்துக்கு. நீங்கள் வாங்கியது திருட்டுப் பொருள். அது என்னுடையது. மானம் இருந்தால் கூப்பிடுங்கள். கீழே தன் போன் எண்ணைப் போட்டாள்.

சூப்பைச் சுடவைக்க ஹார்மன் அடுக்களைக்குள் போனான். சூப் கொதிப்பதற்குள் போன் அடித்தது.

வயதான ஆண் குரல். சண்டைக்கு வந்த குரலாக இல்லை.

"திருட்டுப் பொருள்தாம்மா. எனக்குத் தெரியும். காசு குடுக்கிற எண்ணமே எனக்குக் கிடையாது. அவன் முகவரிதான் வேணும். எங்க ஊர் போலீஸ் சொல்லிக்குடுத்த வழி."

"முகவரி உங்களுக்கு எதுக்கு? சைக்கிள் என்னோடது!"

"சைக்கிள் சட்டத்துல முன்பக்கம் ரெண்டு குழாய் சேர்ற இடத்துல, இலை மாதிரி பத்தவச்ச தடம் ஒண்ணு இருக்கும். பாத்திருப்பீங்க."

பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அதை விரலால் தடவியிருக்கிறாள்.

"என் தம்பி தன் கையால பத்தவச்சதும்மா அது. எனக்குன்னு அளவெடுத்து செஞ்சான். அவன் செஞ்சதே அந்த ஒண்ணுதான். அப்புறம் அவன் இல்ல. உட்ரெக்ட் ஸ்டேஷன் வாசல்ல பூட்டி நிறுத்தியிருந்தேன், அறுத்து எடுத்துட்டானுங்க. என் மக அப்ப பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு இருந்தா. இப்ப அவளுக்கே ரெண்டு பிள்ளைங்க. அன்னையிலேருந்து நானும் ஏலமா பாத்துக்கிட்டே இருக்கேன்."

ரின்ஸ்கே கீழே கிடந்த நாற்காலியைப் பார்த்தபடி நின்றாள்.

"உங்க மேல தப்பு சொல்லலம்மா," என்றார் அவர். "நீங்க தெரியாம வாங்கியிருப்பீங்க. எங்க வாங்கினீங்க?"

"கடையில," என்றாள் ரின்ஸ்கே.

"கடைக்காரனைச் சொல்லணும்," என்றார் அவர். "அந்த மாதிரி ஆளுங்களைத்தான் முதல்ல உள்ள தள்ளணும்."

"ஆமா," என்றாள்.

கடை எதுவும் இல்லை. பல வருடங்களுக்கு முன் அவள் அதை வாங்கியது நெடுஞ்சாலை ஓரத்து வண்டி நிறுத்துமிடத்தில். வண்டியிலிருந்து இறக்கிக் கொடுத்தவன் எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. ரசீது கேட்டதற்குச் சிரித்தான். பூட்டை அறுத்தபோது ரம்பம் பட்ட தடம் சட்டத்தில் பளபளவென்று புதிதாகத் தெரிந்தது.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே பச்சைப் பெயிண்ட் வாங்கி, அந்தத் தடத்தை மூடியவள் அவள்தான்.