கவிழ்த்து வைத்த போன்

ஜூன் 11, புதன். இன்று மாலை வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். நஸ்மியின் போனை அவரைக் கேட்காமலே கவிழ்த்து வைத்தேன்.

பிளாக்டவுனில் நாங்கள் படிக்கும் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசுபவர்கள் நாங்கள் இருவர்தான். வெள்ளிக்கிழமை பேச்சுத் தேர்வு. ஆப்பிரிக்கத் தலைவர் ஒருவரிடம் கற்ற வாழ்க்கைப் பாடத்தைச் சொல்ல வேண்டும். இருவருமே மண்டேலாவை எடுத்திருந்தோம். ஒருவருக்கொருவர் பேசிக் காட்டச் சொன்னார்கள்.

"முதல்ல நீங்க சொல்லுங்க நஸ்மி."

"மண்டேலா ஜெயில்ல இருக்கக்குள்ள அவர்ட உம்மா மௌத்தாகிட்டாங்க. அடக்கத்துக்குப் போக விடல்ல." அவர் கண் போனிலேயே இருந்தது.

"அது சம்பவம். பாடம் எங்க?"

"அதைத்தான் தேடுறன், வர்ஷா டீச்சர்."

"போனுக்குள்ளயா?" என்று அதைக் கவிழ்த்தேன். அவர் தடுக்கவில்லை.

பொறுமையைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். "நல்லா இருக்கு" என்றார். பிறகு மெதுவாகப் போனைத் திருப்பினார். திரையில் ஓடிய நேரலையில் ஈர மண்மேடு ஒன்று தெரிந்தது. தொப்பி அணிந்த ஆண்கள் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"அடக்கிட்டாங்க" என்றார்.

"யாரை?"

"என்ட உம்மாவை. இந்த விசாவோட நாட்டை விட்டுப் போனா திரும்பி வர ஏலாது. ரூமில தனிய இருந்து பார்க்கப் பயமா இருந்திச்சு. அதான் வகுப்புக்கு வந்தன்."

என் இரண்டு பக்கத்தையும் மடித்து வைத்தேன்.

நாளை: சோறும் பருப்பும் சமைத்து, மெரிலேண்ட்ஸில் நஸ்மியின் அறைக்குக் கொண்டு போக வேண்டும்.