பிக்ஃபுட்டைச் சுட்டால் ஜெயில்

“இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இம்மாவட்டக் காடுகளில் உடலெல்லாம் ரோமம் மண்டிய பிக்ஃபுட் எனும் காட்டு மனிதனைச் சுடுவோருக்கு ஐந்தாண்டு சிறை!”

வாஷிங்டன் மாநிலத்தின் ஒரு காட்டு முகப்பில், பாசி படிந்த பலகை இப்படி முழங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மரக்கிளையைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார் பேராசிரியர் லின்ட்க்விஸ்ட். ‘நேரில் பார்த்தேன்’ என்பவர்களை எத்தனை எளிதாக ஏமாற்றலாம் என்று நிரூபிக்க, ரோம உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தவர். இப்போது ஜிப் சிக்கிவிட்டது, முகமூடியும் கழலவில்லை. கீழே, துப்பாக்கியும் கையுமாக வெர்ன். பக்கத்தில் அவன் மனைவி டார்லா.

“சுடாதீங்க! நான் மனுஷன்!”

“ஏய், பேசுதுடி!”

“கிளிகூடத்தான் பேசுது.”

“ஐயோ, இது உடுப்பும்மா! ஜிப் மாட்டிக்கிச்சு!”

“நல்லா கதை விடுது,” என்றான் வெர்ன். “நான் பார்த்தேன்னப்போ, ‘கரடியா இருக்கும், போடா’ன்னு ஊரே சிரிச்சுது. சுட்டுக் கொண்டுபோய்ப் போட்டாத்தான் வாயை மூடுவானுங்க.”

டார்லா அவன் கையைப் பிடித்தாள். “வேணாங்க. அஞ்சு வருஷம் ஜெயிலு.”

“ஆமாம்மா, ஜெயில்தான்! அருமையான சட்டம்மா அது!” என்று மேலிருந்து கதறினார் லின்ட்க்விஸ்ட்.

வெர்ன் துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை. “அந்தச் சட்டத்தைப் போன மாசமே தூக்கிட்டாங்க. பலகையைத்தான் இன்னும் கழட்டல. ‘இல்லாத மிருகத்துக்கு எதுக்குச் சட்டம்’னு எவனோ ஒரு ப்ரொஃபசர் வழக்குப் போட்டு ஜெயிச்சுட்டானாம்.”

“யாருங்க அந்தப் புண்ணியவான்?” என்றாள் டார்லா.

“யாருக்குத் தெரியும்?”

அந்தப் புண்ணியவான் மரத்தின் மேல் இருந்தார்.